ஒரு கால் குட்டையான நாற்காலி

ஜூன் 4, செவ்வாய்
பிளைவுட் கம்பெனி ஆள் வந்தான், விலையை ஏற்ற. வழக்கம்போல என் மேசைக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைத்தேன். அதன் பின்னங்கால் ஒன்றை விரல் அகலத்துக்கு நானே ரம்பத்தால் அறுத்து வைத்திருக்கிறேன். இத்தனை பெரிய ஃபர்னிச்சர் கடையில் விற்பனைக்கு இல்லாத ஒரே சாமான் அதுதான். ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குக் கவனம் முழுக்க இடுப்பில் இருக்கும், பேரத்தில் இருக்காது. பழைய விலைக்கே தலையாட்டிவிட்டுப் போனான். பாவம்தான். பாவம் பார்த்திருந்தால் கடையை எப்போதோ மூடியிருப்பேன்.

ஜூன் 9, ஞாயிறு
புத்தக அலமாரி செய்யச் சொல்லி ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுக்கிறாராம். இப்படியும் ஒரு பிழைப்பு! நாற்காலி ஆடியது. முகம் சுளிக்கவில்லை மனிதர். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடிப் பார்த்துவிட்டு, "'வாபிள்'னு ஒரு இங்கிலீஷ் சொல், ரெண்டு நாளா என்னை இழுத்தடிக்குது. இதேதாங்க அது! கடையில இதுக்கு என்ன சொல்வீங்க?" என்றார்.
"வாங்குறவங்க 'கால் ஆடுது'ம்பாங்க. நாங்க 'தரை சரியில்ல'ம்போம்."
எழுதிக்கொண்டார்! சொன்ன விலைக்குச் சரி என்றும் சொல்லிவிட்டார். ஜெயித்த மாதிரியே இல்லை.

ஜூன் 14, வெள்ளி
அளவைச் சரிபார்க்க வந்தாராம். அளவெல்லாம் போன வாரமே எடுத்தாயிற்று. உட்கார்ந்து ஆடிக்கொண்டே அந்தச் சொல்லின் பூர்வீகத்தைச் சொன்னார். ஆங்கிலத்துக்கு வந்து முன்னூறு, நானூறு வருடம் இருக்குமாம், ஜெர்மன் பக்கத்துச் சரக்காக இருக்கலாமாம். நெசவைக் குறிக்கும் 'வீவ்' அதற்குத் தூரத்து உறவு என்கிறார்கள் என்றார்.
"ஆட்டத்துக்கும் நெசவுக்கும் என்னங்க உறவு?"
"தறியில நாடா இங்கயும் அங்கயும் ஓடுதுல்ல?"
"தூரத்து உறவெல்லாம் கல்யாணத்துல சாப்பிட்டுப் போறதோட சரி" என்றேன். சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு விழப் பார்த்தார். குரல் நடுங்கினாலும் அதே சொல்தானாம். மனசு இப்படியா அப்படியா என்று நின்றாலும் அதே. கோபத்தில் தாம்தூம் என்று குதிப்பதற்கும் அதை வைத்து ஒரு வழக்கு உண்டாம். என் மகளுக்குப் பெயராகவே வைத்திருக்கலாம்.
அவர் போனதும் மகன் கேட்டான்: "அம்மா, அந்த அகராதிக்காரர் அலமாரியைப் பார்க்க வர்றாரா, உன்னைப் பார்க்க வர்றாரா?"
"வேலையைப் பாருடா."

ஜூன் 22, சனி
பாலிஷ் நிறம் பார்க்க வந்தார். நேற்றும் அதற்குத்தான் வந்தார்.

ஜூலை 1, திங்கள்
அலமாரி தயார். இனி வரக் காரணம் இல்லை. நானே கொஞ்சம் வெட்கப்பட்டு, "நாற்காலி தொந்தரவு பண்ணிடுச்சோ?" என்றேன்.
"மூணு கால் தேய்ஞ்சிருக்கு. ஒண்ணை மட்டும் அறுத்திருக்கீங்க. முதல் நாளே குனிஞ்சு பார்த்துட்டேன்."
"தெரிஞ்சுமா அதுலயே உட்கார்ந்தீங்க?"
"மத்த நாற்காலியெல்லாம் உங்க மேசைலேர்ந்து தள்ளி இருந்துச்சுங்க."
வீட்டுக்காரர் போன பிறகு ஒரு கொட்டகையில் தொடங்கிய கடை இது. எத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன்! இப்படி ஒரு பதிலைக் கேட்டது இன்றுதான். "மனைவி போய் ஏழு வருஷமாச்சு. சேர்ந்து இருக்கலாமா? முறையா, ஊரறிய" என்று கேட்டார். யோசிக்கணும் என்றேன்.

ஜூலை 3, புதன்
கட்டில் வாங்க வந்தவருக்குக் கேட்காமலே தள்ளுபடி கொடுத்துவிட்டேன். மகன் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.
அவனிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு முன்னாடியே தெரியும்" என்கிறான். கழுதை.

ஜூலை 5, வெள்ளி
மகளுக்கும் போனில் சொன்னேன். குதித்தாள்.
"இந்த வயசுலயாம்மா? என் மாமியார் வீட்டுல நான் எப்படி முகத்தைக் காட்டுறது?"
"கழுவிட்டுக் காட்டு."
போனை வைத்துவிட்டாள். வாய்தான் துடுக்கு. உள்ளே — அவள் வாழ்க்கைக்கு ஏதும் ஆகிவிட்டால்?

ஜூலை 12, வெள்ளி
இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரிங்க என்று எழுந்து போனார். ஒரு வார்த்தை பேரம் பேசக் கூடாதா மனுஷன்? இப்பவுமா சொன்ன விலைக்கே சரிங்கறது!

ஜூலை 21, ஞாயிறு
சொல்லாமல் கொள்ளாமல் மகள் வந்து நின்றாள். தம்பிதான் அக்காவை வரவழைத்திருக்கிறான். அம்மா கேட்காமலே தள்ளுபடி கொடுக்கிறாள், வந்து பார் என்றானாம். அதைக் கேட்டுத்தான் பயந்துபோய் வந்தாளாம். விஷயத்தை மாமியாரிடமும் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் "ஆள் எப்படியாம்?" என்று மட்டும் கேட்டாராம்.
"கூப்பிடும்மா. நானே பார்க்கறேன்."
வந்தார். போலீஸ் மாதிரி துருவித் துருவிக் கேட்டாள். கடைசியில்,
"சமைக்கத் தெரியுமா?"
"சுமாராத் தெரியும்மா."
"அம்மாவுக்கு அதுவும் தெரியாது" என்றாள் பாவி.
நான் சண்டைக்குப் போகவில்லை. கண்ணில் தூசி.

செப்டம்பர் 18, புதன்
பக்கத்துக் கடை காலியாகிறது. அதையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேனா என்று இடத்துக்காரர் கேட்டார். கல்யாணமாகி மூன்று வாரம்தான், அதற்குள் "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று வாயில் வந்துவிட்டது. வாங்க மனமில்லாதவர்கள் நழுவுவதற்குச் சொல்லும் பேச்சு அது. காதில் விழுந்தாலே நானும் மகனும் கண்ணடித்துக்கொள்வோம். இன்று அவன் கண்ணடிக்கவில்லை, வாயைப் பிளந்தான்.
எடுப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். இருந்தாலும் ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன்.
"எடுத்துக்கலாமே" என்கிறார்!