யார் எழுதியது என்று சார் கேட்டார், கனி

பையை வைத்து எனக்கு இடம் பிடித்துக்கொடுக்கும் என் கனிக்கு,

காய்ச்சல் என்று லீவு போட்ட நீ திரும்பி வராமலே போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உங்கம்மாவைப் பார்க்க மம்சாபுரம் வரும்போதெல்லாம் உன் படத்துக்கு முன்னால் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். இதுவரை உனக்கு ஒன்றும் எழுதியதில்லை. இன்று எழுதுவதற்குக் காரணம் பாசம் மட்டுமில்லை. பயமாக இருக்கிறது. என் பயத்தையெல்லாம் உன்னிடம்தானே சொல்லிப் பழக்கம்?

நம் பயோகெமிஸ்ட்ரி சார் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று கல்லூரியில் மாணவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். போனிலேயே நிரப்ப வேண்டும், எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது என்றார்கள். ஆனால் உள்ளே நுழையும்போதே பதிவெண்ணைக் கேட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது.

வகுப்பில் ஆளுக்கொரு கருத்து. ராஜபாளையத்திலிருந்து காரில் வரும் விக்னேஷ், சார் அளவுக்கு விஷயம் தெரிந்தவர் இந்தப் பக்கத்திலேயே இல்லை என்றான். பொய்யில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். வருகைப்பதிவில் கெடுபிடி இல்லாதவர் என்பதற்காகவே ஒருத்தி எல்லா நட்சத்திரங்களையும் கொடுத்தாள். பின்வரிசையில் பாதிப்பேர் கேள்வியைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று அழுத்தினார்கள். செய்முறைத் தேர்வு மார்க் அவர் கையில் இருக்கும்போது வேறு எதை அழுத்துவார்கள்?

நீ இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பாய்? முதல் வகுப்பிலேயே ஒவ்வொருவராக எழுப்பி, எந்தப் பள்ளிக்கூடம், எந்த மீடியம் என்று கேட்டாரே. தமிழ் மீடியம் என்று சொன்னவர்கள் பக்கம் அதற்குப் பிறகு அவர் கண் திரும்பவே இல்லை. ஸ்லைடைப் போட்டு ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டே போவார். நாம் ஓவியம் வரைவதுபோல் அதைப் பார்த்து எழுதிக்கொள்வோம்.

ஒருநாள் நீ எழுந்து, "சார், ரத்தத்துல இம்புட்டு சர்க்கரை கெடக்கும்போது செல்லு ஏன் சார் பட்டினி கெடக்கு? புரியல" என்றாய். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஸ்லைடை அணைத்துவிட்டு சாக்பீஸை எடுத்தார். இன்சுலின் என்ன வேலை செய்கிறது என்று அன்றைக்கு அவர் தமிழில் நடத்தியதுபோல் ஒரு பாடத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் மறுபடியும் ஸ்லைடு.

அதுதான் எனக்கு ஆத்திரம். நடத்தத் தெரியாதவர் என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். இவருக்குத் தெரியும். நம் அம்மாக்கள் மில்லிலும் வயலிலும் நின்று கட்டுகிற ஃபீஸுக்கு அந்த ஒரு நாள் போதும் என்று முடிவு செய்துவிட்டார்.

அதைத்தான் எழுதினேன். கருத்து எழுதிய கொஞ்சம் பேரும் ஆங்கிலத்தில் தட்ட, நான் தமிழில் தட்டினேன்: 'சாருக்கு நன்றாக நடத்தத் தெரியும். எங்களுக்கு நடத்த வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றுவதில்லை.'

போன வாரம் அவர் வகுப்புக்கு வந்ததும் போனை எடுத்து அந்த வரிகளை நிறுத்தி நிதானமாக வாசித்தார். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"நல்ல தமிழ். யார் எழுதினதுன்னு சொன்னா பாராட்டலாம்னு இருக்கேன்."

பின்வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு வரிகள் மட்டும்தான் வந்திருக்க வேண்டும், பெயர் வந்திருக்காது. வந்திருந்தால் என்னைத் தாண்டிப் போயிருப்பாரா? எஸ்தரிடம் போய் நின்றார். வன்னியம்பட்டி எஸ்தர்தான். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் பள்ளிக்கே முதலாவதாக வந்ததை முதல் நாள் அவரிடம் பெருமையாகச் சொன்னாளே, அது போதுமாக இருந்தது.

"சரி, பிராக்டிகல்ல பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஸ்லைடைப் போட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு துறையிலிருந்து போனில் ஏதாவது செய்தி வந்தால் திறக்கவே பயம். எஸ்தருக்கு ஒரு பேப்பர் போனாலும் உதவித்தொகை நின்றுவிடும். களையெடுக்கப் போகிற அவள் அம்மாவால் மிச்சப் படிப்பை இழுக்க முடியாது. எல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளிடம் கேட்டேன், நீ எழுதவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று. அவள் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாவ. நம்ம பெஞ்சுல மிச்சம் இருக்கது யாரு யாரு?" என்றாள். பிறகு, "எவளோ, நல்லாத்தாம்ட்டி எழுதிருக்கா."

தெரிந்துதான் சொன்னாளா, கனி? எனக்குத் தெரியவில்லை. அதற்குள் வன்னியம்பட்டி பஸ் வந்துவிட்டது.

அம்மாவிடம் பட்டும்படாமல் சொல்லிப் பார்த்தேன். மில் ஷிப்டு முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், "ஏட்டி, வாய மூடிட்டு டிகிரிய வாங்கிட்டு வா. பொறவு எம்புட்டு வேணாலும் பேசு" என்றாள். அவளைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் டிகிரி வாங்கிய பிறகு வேலை போய்விடும் என்று பயம் வரும். வேலை நிலைத்த பிறகு இன்னொன்று வரும். பேசுகிற வயது என்று ஒன்று நமக்கெல்லாம் எப்போதுதான் வரும்?

வருகிற வாரம் செய்முறைத் தேர்வு. இந்தக் கடிதத்தை நம் வகுப்பு வாட்ஸாப் குழுவில் போடப்போகிறேன். சாரும் அந்தக் குழுவில் இருக்கிறார். இதுவரை படித்திருந்தால் அவர் கேட்டதற்குப் பதில் அவருக்குக் கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரியாது. மார்க் போகலாம். அம்மா என்னோடு பேசாமல் இருக்கலாம்.

ஆனால் உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன். எஸ்தர் ஆய்வகத்துக்குள் நுழைவதற்கு முன் இதை அனுப்பிவிடுவேன். யார் கூப்பிட்டு மிரட்டினாலும் அழிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கம்மா 'சின்ன மக' என்று கூப்பிடும் உன் தங்கச்சி,
ச. நாகலட்சுமி, சேத்தூர்.
இறுதியாண்டு உயிர்வேதியியல், கடைசி பெஞ்ச்.