உங்களுக்கென்று இருந்த ஒரு தோட்டா

மாமா,

கையில் மண்ணெண்ணெய் வாடை போகமாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டாயிற்று, அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்த்தாயிற்று. கமலா சோறு போட்டு வைத்துவிட்டு இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டாள். கை வாய்க்குப் போகும்போதெல்லாம் அந்த வாடை முன்னால் வந்து நிற்கிறது. தட்டை மூடி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். இன்று காலை உங்கள் துப்பாக்கியைக் கடைசியாக ஒருமுறை பிரித்து, துடைத்து, பூட்டி, வில்லியனூர் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தேன்.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருக்கக்கூடாது என்று ஆள் வந்து சொன்னான். பிரெஞ்சுக்காரன் இருந்தவரை நம் வீட்டுத் துப்பாக்கியை யாரும் கேட்டதில்லை. கொடி மாறிவிட்டது, கேட்கிறார்கள். நான் சண்டை போடவில்லை. எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்தத் துப்பாக்கி விஷயத்தில் நான் வாயைத் திறக்க முடியாமல் போய் மூன்று வருஷம் ஆகிறது.

எனக்கு வளைத்து எழுத வராது. உங்களுக்குத் தெரியும். அம்மாவின் அண்ணனாக என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர், பிறகு கமலாவையும் கொடுத்தீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு உறுவையாற்றில் உங்கள் வீட்டிலேயே தங்கி, தினமும் சைக்கிளில் மில்லுக்குப் போய் வந்தேன். சென்னையில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவன் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம். வீட்டில் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டால்கூட உங்களைத்தான் முறைப்பேன்.

துப்பாக்கி உங்கள் அப்பாவுடையது. அவர் புதுச்சேரியில் சிப்பாயாக இருந்த காலத்தில் பட்டாளம் பழசென்று கழித்துப்போட்டதை வாங்கி வந்தாராம். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போகும். நீங்கள் முதல் உலகச் சண்டைக்குப் பிரான்சுக்குப் போய் இதைவிட நல்ல துப்பாக்கியெல்லாம் பிடித்தவர். ஊர் திரும்பியபின் இதை வைத்து ஒரு கொக்கைக்கூடச் சுட்டதில்லை. அதற்கு இருந்தது ஒரே வேலை. உங்களோடு கப்பலேறிப் போய் வந்த சிப்பாய், நம் ஊர்ப் பேச்சில் சொல்தா, யாராவது செத்தால், பாகூர் பக்கமானாலும் வில்லியனூர் பக்கமானாலும், உங்களுக்கு ஆள் வரும். மெடலைக் குத்திக்கொண்டு துப்பாக்கியோடு வண்டியேறுவீர்கள். பாடையைத் தூக்கும்போது வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு. அவ்வளவுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டால் போதும், பிரெஞ்சுப் பட்டாளத்து ஆள் ஒருவர் போய்விட்டார் என்று சுற்றுவட்டாரம் தெரிந்துகொள்ளும்.

பாகூர் பக்கத்தில் ஒரு சாவுக்கு நானும் வந்தேன். அன்று, தோட்டா போடுவதற்குப் பின்னால் இழுக்கிற போல்ட் திறக்கவில்லை. நீங்கள் இழுக்கிறீர்கள், அது அசையவில்லை. பாடையைத் தோளில் தாங்கியவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார்கள். கூட்டத்தில் ஒரு பையன், "சுடறதுக்குள்ள பொணம் எறங்கி நடந்துரும்டா" என்றான். சிரிப்பு எழுந்தது. கடைசியில் துப்பாக்கியை முழங்காலில் இடித்துத் திறந்து சுட்டீர்கள். உங்கள் காது மடல் சிவந்திருந்தது.

திரும்பும்போது வண்டியில் கிருமாம்பாக்கத்து சிங்காரம் மாமாவும் இருந்தார். உங்களோடு அதே கப்பலில் போனவர். நான் ஆரம்பித்தேன்.

"இன்னா மாமா, ஊரே பாக்குது, இப்டி மாட்டிக்கினு நிக்குது?"

"கொஞ்சம் முரண்டு பண்ணுது மாப்ள. வயசாயிடுச்சில்ல."

"வயசு இல்ல மாமா, எண்ணெ. தேங்காயெண்ணெய ஊத்தி ஊத்தி உள்ள கோந்து மாதிரி ஆயிருக்கும். மெஷினுக்குத் தேங்காயெண்ணெ போடறவன எங்க மில்லுல கேட்டுக்குள்ளயே வுடமாட்டான். என்கிட்ட குடுங்க, ஒரு ஞாயித்துக்கெழம போதும்."

சிங்காரம் மாமா உங்கள் தொடையில் தட்டினார். "ஏய் சொல்தா, ஒம் மாப்ள வுட்டா ஒன்னயே கழட்டி ஆயில் போட்டுடுவான்பா."

"கழட்டட்டும், கழட்டட்டும். திருப்பிச் சேக்கத் தெரிஞ்சா சரி" என்றீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வில்லியனூர்ச் சந்தைக்குப் போயிருந்தீர்கள். நான் வாசலில் கோணியை விரித்து உட்கார்ந்தேன். பக்கவாட்டு ஸ்க்ரூவைத் தளர்த்திப் போல்ட்டைப் பின்னால் உருவினேன். தோட்டாவைத் தட்டுகிற ஊசியின் முனையைப் பலகையில் அழுத்தி, பின்பக்கத்துப் பூட்டைத் திருப்பியதும் ஸ்பிரிங் கைக்குள் துள்ளியது. உள்ளே நான் சொன்னபடியேதான் இருந்தது. எத்தனையோ வருஷத்துத் தேங்காயெண்ணெய் மெழுகாக இறுகிக் கிடந்தது. அதில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நீங்கள் வைத்த சந்தனமும் குங்குமமும் வழிந்து குழைந்து, சிவப்பும் மஞ்சளுமாக அடை கட்டியிருந்தது. கமலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா உங்கப்பா லட்சணத்த? துப்பாக்கிக்குப் பொட்டு வெச்சிருக்காரு, உள்ள போயி ஊசியப் புடிச்சிக்கிச்சு." என் பேச்சு சரியென்று தெரிந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்று அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். குழலில் வெந்நீர் ஊற்றினேன், கரியாக வந்தது. கம்பியில் துணி சுற்றி, துணி வெள்ளையாகத் திரும்பும்வரை இழுத்தேன். மில்லிலிருந்து கொண்டுவந்த மெஷின் ஆயிலைத் துளித்துளியாக விட்டுத் திருப்பிப் பூட்டினேன். போல்ட் ஒரு விரலுக்கு ஓடியது.

அதோடு எழுந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. மில்லில் ரிப்பேர் பார்த்த மெஷினை ஓட்டிப் பார்க்காமல் நாங்கள் விடுவதில்லை. இதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். தோட்டா தேடி உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். புது வேட்டி ஒன்று, மடிப்புக் கலையாமல். மேலே மெடல். வேட்டி மடிப்புக்குள் ஒற்றைத் தோட்டா. டிராயிங்கைப் பார்த்தே ஒரு மெஷின் என்ன செய்யும் என்று சொல்கிற எனக்கு அந்தப் பெட்டியைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. நம் ஊரில் கோவணம் கட்டிய பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

கமலா வாசற்படியில் மறித்தாள். "அது அப்பாவுது. அவரு வரட்டும்."

"உங்கப்பா துப்பாக்கிக்குத்தான் போடப்போறேன். என் வாய்லயா போட்டுக்கப் போறேன்?"

ஆற்று மேட்டைப் பார்த்துச் சுட்டேன். வெள்ளைப் புகை வாசல் முழுக்க நின்றது. சத்தம் பிரமாதம் மாமா. நடவு வயலில் இருந்த கொக்கெல்லாம் ஒன்றாகக் கிளம்பின. நான் போல்ட்டைத் திறந்தேன், காலித் தோட்டா அழகாக வெளியே விழுந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் தெரு முழுக்க ஆள்.

சொல்தா வீட்டில் வேட்டுச் சத்தம். வேறு என்ன நினைப்பார்கள்? வயலில் நின்றவர்கள் சேற்றுக் காலோடு ஓடி வந்தார்கள். எதிர்வீட்டுப் பச்சையம்மா மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டது. நான், "ஒண்ணுமில்ல, டெஸ்டு, டெஸ்டு" என்று கத்துகிறேன். யார் கேட்டார்கள்? அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கத்தரிக்காய்ப் பையோடு, வேர்த்து விறுவிறுத்து நீங்கள் வந்தீர்கள்.

"இன்னா பச்சையம்மா, யாருக்கு அழுவற?"

"ஒனக்குத்தாண்ணே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தீர்கள், கீழே கிடந்த பித்தளையைப் பார்த்தீர்கள், கதவு வழியாகத் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தீர்கள். நான் அந்த நேரத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்ப இழுத்துப் பாருங்க மாமா, வெண்ணெ மாதிரி போவுது" என்றேன்.

நீங்கள் வாங்கி இழுத்துப் பார்த்தீர்கள். "நல்லா ஓடுது மாப்ள." கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்தீர்கள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்: "எத்தினி பேருக்குச் சுட்டுருக்கேன், எவனுக்காவது காதுல வுழுந்துச்சா? என்னுது எனக்கே கேட்டுடுச்சு. ஆத்தோரம் வந்துனு இருந்தேன், அங்க வரைக்கும் கணீர்னு கேட்டுச்சு. எவனுக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பின?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மாமா. அர்த்தம் புரியாமல் சிரித்தேன்.

கூட்டம் கலைந்ததும் கமலாதான் சொன்னாள். உங்கள் பெட்டியில் இருந்த தோட்டாவெல்லாம் ஒவ்வொரு சொல்தாவுக்காகப் போய், கடைசியாக நின்றது அது. டவுனில் அந்தத் தோட்டா விற்ற கடைக்காரர் கடையை மூடிக்கொண்டு கப்பலேறிவிட்டார். அந்த வேட்டியும் மெடலும் தோட்டாவும் நீங்கள் உங்கள் கடைசிப் பயணத்துக்கு எடுத்து வைத்தவை. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் வாய் அடங்கவில்லை. "சொல்லி இருக்கணுமில்ல? எழுதியா ஒட்டியிருந்துது? ஒரு தோட்டாதான, டஜனா வாங்கியாறேன்" என்றேன். நீங்கள் உள்ளேதான் இருந்தீர்கள். கேட்டிருக்கும்.

டவுனில் கிடைக்கவில்லை. கடலூரில் கிடைக்கவில்லை. சென்னையில் துப்பாக்கிக் கடைக்காரர் காலித் தோட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத மியூசியத்துல குடு" என்றார். நானே செய்துவிடலாம் என்று மில் லேத்தில் பித்தளையைக் கடைந்தேன். தோட்டாவின் உடம்பு வந்தது. ஊசி தட்டியதும் மருந்தைப் பற்றவைக்க அடியில் வைக்கிற கேப்புக்கு வழியில்லை. எதையும் கழற்றிப் பூட்டுவேன் என்றவனுக்கு அந்தப் பொட்டளவு கேப் பிடிபடவில்லை. நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நான் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டேன், உங்களோடு பக்கத்தில் உட்காராமல் இருக்க. தெருவில் யாராவது, "இன்னா டெஸ்டு மாப்ள, அடுத்து யாருக்கு?" என்று என்னைக் கிண்டல் செய்தால் நீங்கள்தான் அதட்டினீர்கள். அது என்னை இன்னும் கொன்றது.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை உங்களிடம் கேட்கவில்லை. தோட்டாவைக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டுக் கேட்கலாம் என்றிருந்தேன். தை மாதம் நீங்கள் போய்விட்டீர்கள்.

வேட்டியை விரித்தபோது மடிப்பில் என் கட்டைவிரல் ரேகை, மெஷின் ஆயிலில். கமலா அதைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துப் போர்த்தினாள்.

சிங்காரம் மாமா பஸ்ஸில் மெடலோடு வந்து இறங்கினார். யாரோ, "அதான் சாவு வெடி வாங்கியிருக்கமே, ரெண்டு சேத்துக் கொளுத்துனா ஆச்சு" என்றான். அவர் திரும்பி, "பட்டாசு ஊருல எல்லாப் பொணத்துக்கும் வெடிக்கிறான். இவன் சொல்தாடா" என்றார். பிறகு என்னிடம், "மாப்ள, எடுத்துனு வா துப்பாக்கிய."

"தோட்டா இல்ல மாமா."

"தெரியும். ஒம் மாமன் சொல்லிட்டுத்தான் போயிருக்கான். துப்பாக்கிய மாப்ள கையில குடு, சத்தத்தப்பத்தி வெசனப்படாத, அது மின்னாடியே கேட்டாச்சுன்னு சொன்னான். நில்லு இங்க."

பாடை எழுந்தது. மேளத்தை நிறுத்தச் சொன்னார். அந்தக் கிழவர் விறைத்து நின்று பிரெஞ்சில் கட்டளை கொடுத்தார். கடைசியாக "ஃபே!" என்று கத்தினார். சுடு என்று அர்த்தம். விசையை அழுத்தினேன். டிக். அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தேன் அல்லவா, தெருக்கோடி வரைக்கும் கேட்டது அந்த டிக். அன்று யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இன்று ஸ்டேஷனில் ஒரு சின்ன வயசுக் கான்ஸ்டபிள். போல்ட்டை இழுத்துப் பார்த்தார். "அட, புதுசு மாதிரி ஓடுதே. யாருங்க சர்வீஸ் பண்ணது?"

"நான்தான்."

"நல்ல கைங்க உங்களுக்கு. கடைசியா எப்ப சுட்டது?"

"எங்க மாமா சாவுக்கு" என்றேன். அவர் தலையாட்டினார். பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன்.

"தோட்டா கீட்டா ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

கால்சட்டைப் பையில் அந்தக் காலித் தோட்டா இருந்தது. அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

இப்போது கமலா வந்து பார்த்தாள். "யாருக்கு எழுதற, சோத்த ஆற வெச்சிட்டு?"

"உங்கப்பாவுக்கு. மன்னிப்புக் கேட்டு."

"அவருக்கு வேட்டுச் சத்தமாவது கேட்டுச்சு" என்றாள். "நீ மன்னிப்புக் கேட்டு எனக்கும் காதுல கேக்கல, அவருக்கும் கேக்கல." தட்டை எடுத்துக்கொண்டு, குழம்பைச் சூடாக்க உள்ளே போய்விட்டாள்.

இதை முடித்துவிட்டு எழுந்து போய் அவளிடம் வாயால் சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்ல இந்தக் காகிதம்தான் இருக்கிறது. காலித் தோட்டா சைக்கிள் சாவியோடு பையில் கிடக்கிறது மாமா. நடந்தால் இரண்டும் இடித்துக்கொள்கின்றன. சின்னச் சத்தம். எனக்கு மட்டும் கேட்கும்.