நசுங்காத கார்

இன்று காலை அரியலூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது உன் கார் என்னைக் கடந்து போனது. அதே வெள்ளைக் கார். முகத்துக்கு முன்னால் அதே தடித்த இரும்புக் குழாய், உன் புருஷன் அதற்குப் புதிதாகப் பளபளப்பு ஏற்றியிருக்கிறான். நீ செத்த அன்று அதில் விழுந்த ஒடுக்கு மட்டும் இடது ஓரத்தில் அப்படியே இருக்கிறது. கட்டை விரல் அழுந்தும் அளவுக்குத்தான். உன்னைக் கொன்ற மோதலில் அந்த இரும்புக்கு ஆன சேதம் அவ்வளவுதான். அவன்தான் ஓட்டிக்கொண்டு போனான். இடது பக்கத்து சீட் காலி. அது காலியாக இருந்ததால்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

பெரம்பலூர் கல்லூரியில் இயந்திரவியல் துறைக்கு நாம் வேலைக்குப் போனபோது அங்கே வேறு பெண் கிடையாது. ஒரே பஸ், ஒரே டிபன் பாக்ஸ், ஒரே வாய்த்துடுக்கு. உன் ஆராய்ச்சியைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு காரைக் கட்டிச் சுவரில் மோதவிட்டு, அதன் முன்பக்க இரும்பு எப்படி மடிகிறது என்று பார்ப்பாய். கண் சிமிட்டும் நேரத்தில் முடிகிற மோதலைக் கணக்குப் போட நம் ஆய்வகக் கம்ப்யூட்டர் நாள்கணக்கில் முனகும்.

முதலில் எல்லாம் தப்பாகவே வந்தது. நிஜத்தில் முரண்டு பிடிக்கும் இரும்பு உன் கணக்கில் பூனைக்குட்டியாக மடிந்தது. தகட்டை மெதுவாக இழுத்துச் சோதித்த அளவுகளைப் போட்டிருந்தாய். பிறகு திருச்சிக்கு அலைந்து, அதே தகட்டை வேகமாக அடித்துப் பார்த்த அளவுகளை வாங்கி வந்தாய். அன்றைக்குப் பஸ்ஸில் நீ சொன்னது: "மெதுவா இழுத்தா இழுத்த இழுப்புக்கு வருதுடி. பட்டுனு அடிச்சா விறைச்சுக்குது. எங்க மாமியா மாதிரி." முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

இன்னொன்றும் சொல்வாய். வகுப்பில் முந்தானையை எடுத்து மடித்துக் காட்டியே சொல்வாய். "முன்னாடி இருக்குற இரும்பு புடவைக் கொசுவம் மாதிரி அடுக்கடுக்கா மடியணும். அது மடிஞ்சு மடிஞ்சு வேகத்தத் தின்னாத்தான் உள்ள இருக்குறவ பொழைப்பா."

அப்படிப்பட்டவளைக் கட்டியவன் புதுக் கார் வாங்கினான். நம் பக்கத்து வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. கோயிலில் பூஜை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், அங்கிருந்து நேராக வெல்டிங் பட்டறை. வண்டியின் முகத்துக்கு இரும்புக் குழாய் மாட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தால் கழுத்தில் தாலி இல்லாத மாதிரி எல்லோருக்கும் உறுத்தும். உன் ஆள் ஒரு படி மேலே போனான். மோதினால் மடிய வேண்டிய முன்பக்கத்து இரும்புக் கட்டைகள் இரண்டுக்கும் பக்கவாட்டில் தடித்த தகடு வைத்து இறுக்கிக்கொண்டு வந்தான். சட்டப்படி கூடாது என்றாய், உயிருக்கே கூடாது என்றாய். வந்த பதிலை மறுநாள் என்னிடம் அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினாய்: "கம்ப்யூட்டர்ல கார இடிச்சு விளையாடுறவ பேச்சக் கேட்டா நான் தகர டப்பாலதான் போவணும்."

கழற்றும்வரை ஏற மாட்டேன் என்றாய். சில மாதம் பஸ்ஸிலேயே வந்தாய். அப்புறம் ஏன்டி ஏறினாய்? செந்துறையில் உன் நாத்தனாருக்கு வளைகாப்பு. வேண்டாம் என்று போனில் கத்தினேன். "அவரு கார்ல போய் எறங்குறப்ப நான் மட்டும் பஸ்ல வந்து நின்னா நல்லாவா இருக்கும்?" என்றாய். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாய் அந்தக் கேள்விக்கு அடங்கிப்போனது. இன்றுவரை உன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

செந்துறை போகும் வழியில் எதிரே சுண்ணாம்புக்கல் லாரி ஏறி வர, அவன் வண்டியை ஒடித்தான். இடது பக்கம் பாலத்துக் கட்டைச் சுவரில் மோதியது. அவனுக்குக் கை முறிந்தது. உனக்கு வெளியே ஒரு கீறல் இல்லை. பெல்ட் போட்டிருந்தாய். கார் மடியவில்லை, அதனால் வேகம் முழுவதையும் உன் நெஞ்சு வாங்கிக்கொண்டது. உள்ளே ரத்தக்குழாய் அறுந்துவிட்டது என்றார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் உன்னைப் பார்த்துவிட்டு வெளியே போய்க் காரைப் பார்த்தார்கள். குழாயைத் தட்டிப் பார்த்தார்கள். உன் மாமியார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "வண்டி கல்லு மாதிரி நிக்குது பாருங்க. அவ ஆயுசு அவ்வளவுதான்." பாடை கட்டுவதற்குள் இரண்டு பேர் பட்டறையின் விலாசம் கேட்டார்கள்.

உன் கணக்குகளெல்லாம் என்னிடம் இருந்தன. உன் காரை உன் முறைப்படியே இரண்டு தரம் மோதவிட்டேன், குழாயோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. குழாய் இல்லாத காரில் நீ பிழைத்துக்கொள்கிறாய். விலா எலும்பு முறிந்திருக்கும். என்னைத் திட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பாய்.

வருஷம் திரும்பியதும் அவன் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான். செய்துகொள்ளட்டும். ஆனால் மாலையும் கழுத்துமாக அந்தப் பெண்ணை அதே காரில், அதே சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனான். அதற்குமேல் பொறுக்க முடியாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவளை அந்த சீட்டிலிருந்து இறக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவன் பாதியிலேயே எழுந்துவிட்டான். "மேடம், செத்தவங்களத் திரும்பத் திரும்ப ஏன் சாவடிக்கிறீங்க? பொம்ம படத்த வெச்சுக்கிட்டு என்னக் கொலகாரன்னு சொல்ல வந்தீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

காபி கொண்டுவந்த அந்தப் பெண் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, இதுல நான் எங்க உக்காந்திருக்கேன்?" என்றாள். விரலை வைத்துக் காட்டினேன். இரண்டு மோதலையும் மறுபடி ஓட்டச் சொன்னாள். அவன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

இன்று காலை அவன் போன சற்று நேரத்தில் அவள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். பெரம்பலூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை. அவனும் அதே ஊருக்குத்தான், அதே நேரத்துக்குத்தான் போகிறான். பஸ்ஸில் உன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள்.

"கார்ல ஏறினா கொமட்டுதுன்னு சொல்லிட்டேன்க்கா. நாலு பேரு என்ன நெனைப்பாங்கன்னு குதிச்சாரு. நெனைச்சுக்கட்டும்னுட்டேன்."

உன்னைவிடக் கெட்டிக்காரி. சிறிது தூரம் போனதும் மெல்லக் கேட்டாள்: "கொழாயக் கழட்டுங்கன்னு அவருகிட்ட நீங்க இன்னொரு தடவ சொல்லிப் பாக்கலாம்லக்கா?"

"சொல்லியாச்சு" என்றேன்.

உன் கார் இன்னும் என் லேப்டாப்பில்தான் இருக்கிறது. போன வாரம் அதை மூன்றாவது தரம் மோதவிட்டேன். குழாயோடு, இந்த முறை வலது பக்கம், ஓட்டுகிறவன் பக்கம். முடிவு வந்துவிட்டது. கூப்பிட்டுச் சொல்ல அவன் நம்பர் என் போனில் இருக்கிறது. சொல்லப் போவதில்லை.