ஆட்காட்டிக்குப் பின்னால் பத்து அடி

தோவாளை,
1934 ஜூன் 3, ஞாயிறு.

என் அன்பு மகள் தேவகனிக்கு அம்மா எழுதுகிறது. கர்த்தர் கிருபையில் நானும் வீடும் மாடும் புதுக் கன்றும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த மலைக்குளிரில் அதேபோல இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. இதுவரைக்கும் இந்த வீட்டிலிருந்து உனக்கு வந்ததெல்லாம் அப்பா எழுதினது, நான் பக்கத்திலே இருந்து இதை எழுதுங்கோ அதை எழுதுங்கோ என்று சொல்லுவேன், அவர் பாதியைத்தான் எழுதுவார். இனி முழுவதையும் நானே எழுதிக்கொள்ளலாம், அந்த ஒரு சௌகரியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் படித்த எழுத்து, கோணலாயிருந்தால் மாப்பிள்ளையிடம் காட்டாதே. கோவில் விட்டு வந்து கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தேன், வெயில் சாய்கிறவரைக்கும் எழுதினாலும் எழுதுவேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நான் வரவில்லை மகளே. வயலைச் சித்தப்பாவுக்குப் பாட்டக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியையும் அவரிடமே கொடுத்துவிட்டு, அடுத்த கப்பலில் ஒரேயடியாக வந்துவிடு, தனியே கிடந்து என்ன செய்யப்போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். நீ பாசத்தில் எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனால் வயலை விதைத்தாயிற்று. நான்தான் விதைத்தேன், முதல்போகக் கன்னிப்பூப் பயிர் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கிறது, வெள்ளிக்கிழமை சானல் வாய்க்காலில் தண்ணீரும் விட்டுவிட்டார்கள். விதைத்தவள் அறுக்காமல் எங்கே போவாள். நீ கோபப்படுவாய் என்று தெரியும், அதனால் எப்படி நடந்தது என்று முழுவதும் சொல்லுகிறேன், அதை அம்பாந்தோட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அப்பா போனபிறகு நீ என்னை இலங்கைக்குக் கூட்டிக்கொண்டு போய் உன்னோடு வைத்திருந்தாயே, அந்த ஈஸ்டர் லீவில் உங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின் அக்காள் கடற்கரைக்குப் பறவை பார்க்கப் போக வேண்டும், இங்கிலீஷ் தெரிந்த பெண்துணை வேண்டும் என்று டீச்சரான உன்னைக் கூப்பிட்டதும், அம்மாவைத் தனியே விட்டால் அழுதுகொண்டே இருப்பாள் என்று நீ என்னையும் மோட்டாரில் ஏற்றினதும் உனக்கு மறந்திருக்காது. பறவை பார்க்கிறதற்கென்று ஒரு மனுஷி சீமையிலிருந்து கப்பலேறி வருவாள் என்று நான் அதுவரைக்கும் கேள்விப்பட்டதில்லை. நம்முடைய ஊரில் பறவையை யார் பார்க்கிறார்கள், விரட்டத்தான் செய்வார்கள். எட்டு வயதிலிருந்து நான் வரப்பில் நின்று தகரம் தட்டினவள். அந்த உப்புத் தண்ணீர்க் கரையில் குடையை நட்டு, தூரக்கண்ணாடியையும் படம் வரைகிற புத்தகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு துரைசானி மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தாள், நீயும் இருந்தாய், நானும் இருந்தேன், எனக்குக் கால் மரத்துப்போயிற்று. கடைசியிலே அந்தப் பூநாரைக் கூட்டம் தூரத்திலிருந்து பைய நடந்து நடந்து பக்கத்தில் வந்தது. துரைசானி கண்ணாடியைக் கண்ணுக்குத் தூக்குகிறாள், நான் எழுந்து நின்று ஹோவென்று ஒரு சத்தம் போட்டுக் கையைத் தட்டி ஒரு மண்கட்டியையும் எடுத்து எறிந்துவிட்டேன். சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை மகளே, அத்தனை பறவை ஒன்றாக இறங்கி நடந்தால் என் கை சும்மா இருக்காது. எல்லாம் கிளம்பி வானமே சிவந்துபோயிற்று. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. துரைசானி இங்கிலீஷில் என்னவோ சொன்னாள், நான் என்னவென்று கேட்டதற்கு, சிறகுக்கு உள்ளே இவ்வளவு சிவப்பு இருக்கிறதை இப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னதாக நீ சொன்னாய். அதை நான் அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. அவள் சொன்னது அதைவிட நீளமாக இருந்தது.

மறுநாள் நீ என்னை நாம் தங்கின வாடிவீட்டிலேயே இருக்கச் சொன்னாய், நான் கையை முந்தானைக்குள் கட்டிக்கொண்டு இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிற்பாடுதான் கூட்டிக்கொண்டு போனாய். அன்றைக்குத்தான் அந்த ஆட்காட்டி வந்தது. நம்முடைய வயலில் ஆள் நடமாட்டம் கண்டால் கத்திக்கொண்டு தலைக்குமேலே பறக்குமே, அதே பறவைதான், கடல் தாண்டியும் அதே சத்தம். கத்திப் பார்த்தது, நாம் நிற்கவில்லை, உடனே தரையில் விழுந்து ஒரு சிறகை இழுத்து இழுத்து நடந்தது. அம்மா, பாவம், சிறகு ஒடிஞ்சு போச்சு என்று சொல்லிக்கொண்டு நீ அதற்குப் பின்னாலே ஓடினாய். பி.ஏ. படிக்கப்போகிறேன் என்று அடம்பிடித்த பெண் ஒரு குருவியிடம் ஏமாந்து ஓடுகிறதைப் பார்த்து அப்பா போன பிறகு முதல்முதலாக எனக்குச் சிரிப்பு வந்தது, உன்னிடம் சொல்லவில்லை. நீ ஓடின திசைக்கு நேர் எதிரே நான் நடந்தேன். இருபது அடியில் வெறும் தரையில் கூழாங்கல் போல நாலு முட்டை கிடந்தது. துரைசானியைக் கையசைத்துக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தன் கழுத்திலிருந்து தூரக்கண்ணாடியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ அன்றைக்குக் கேட்டாய், இப்போது சொல்லுகிறேன். அப்பா உழுகிறபோது ஆட்காட்டி முட்டையிட்டிருந்தால் மாட்டை நிறுத்திவிடுவார், அந்த இடத்தை நெல் புடைக்கிற சுளகு அகலத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றி உழுவார். அது மட்டுமல்ல, அந்தப் பறவை சிறகை இழுத்துக்கொண்டு நடந்தால் கலப்பையை விட்டுவிட்டு அதற்குப் பின்னாலே பத்து அடி போவார். முட்டை இருக்கிற இடம் தெரிந்தும் எதுக்கு அங்க போறிய என்று நான் கேட்டால், ஏட்டி, அவ எவ்வளவு பாடுபட்டு நடிக்கா, நாம ஏமாந்தாதான அவளுக்கு நிம்மதி என்று சொல்லிச் சிரிப்பார். வேலை மெனக்கெட்டு ஒரு குருவிக்கு ஏமாறுகிற மனுஷன் என்று நான் ஏசியிருக்கிறேன். கண்ணாடியை முதலில் நான் தலைகீழாகத்தான் பிடித்தேன், பக்கத்தில் நின்ற நீ எங்கேயோ ஒரு எள்ளளவுக்குப் போய்விட்டாய். அப்பா இறந்த கார்த்திகையிலிருந்து எனக்கு எல்லாரும் அப்படித்தான் தெரிந்தார்கள். துரைசானி அதைத் திருப்பிக் கையில் கொடுத்தாள், அந்தப் பறவையின் கண்ணைச் சுற்றி இருக்கிற சிவப்புத் தோல் வரைக்கும் தெரிந்தது, அது சிறகை மடக்கி முட்டைமேல் போய் உட்கார்ந்தது, ஒடிந்த அடையாளம் ஒன்றுமில்லை. அப்போதே வயலுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

சித்திரை மாதம் மாப்பிள்ளை கப்பலேற்றிவிட, தூத்துக்குடியில் இறங்கி, பஸ்ஸில் ஆரல்வாய்மொழி தாண்டினதும் அந்தக் காற்று முகத்தில் அடித்தது, வீடு வந்தேன். வந்த மறுநாளே உன் சித்தப்பா ஜெபதாஸ் பாட்டச்சீட்டு எழுதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் கெட்ட மனுஷன் என்று நான் சொல்லவில்லை, அப்பா போனபோது நின்ற பயிரை ஆள்விட்டு அறுத்து ஒரு மணி குறையாமல் அளந்து வைத்தவர் அவர்தான். ஆனாலும் அண்ணனுடைய வயல்மேல் அவருக்கு ஒரு கண் உண்டு, அதை மறைக்கவும் தெரியாது. மைனி, ஒங்களுக்கு எதுக்கு இந்த வெயிலும் சேறும், ஒரு கையெழுத்துப் போடுங்க, நான் பாத்துக்கிடுதேன், நீங்க மககிட்டப் போய் நிம்மதியா இருங்க என்றார். நான் கட்டிலில் படுத்துக்கொண்டேன். மேலுக்கு முடியல்ல தம்பி, ரெண்டு நாள் போட்டும் என்றேன். ரெண்டு நாள் கழித்து வந்தார், தலைசுற்றல் என்றேன். மறுபடி வந்தார், கண் மங்குது, எங்கே கையெழுத்துப் போடணும்னே தெரியல்ல என்றேன். இப்படி அவரைச் சிறகை இழுத்து இழுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று நேரே சொல்லியிருக்கலாம், சொன்னால் சபை மூப்பரைக் கூட்டிக்கொண்டு வருவார், உனக்குத் தந்தி கொடுப்பார், நாலு பேர் வந்து ஒரு விதவை வயலில் இறங்கலாமா என்று பேசுவார்கள், பேசி முடிகிறதற்குள் விதைக்கிற காலம் போய்விடும். பச்சைப் பயிரைக் கண்டபிறகு ஒருத்தரும் பேசமாட்டார்கள்.

போன வருஷம் அப்பா தன் கையால் வைக்கோல் சுற்றிக் கட்டி வைத்த விதைநெல் கோட்டை அறைக்குள் இருந்தது. அந்த முடிச்சை அவிழ்க்கிறதுதான் எனக்குக் கஷ்டமாயிருந்தது, மற்ற ஒன்றும் கஷ்டமில்லை. அறுக்காமல் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன், கயிறு இப்போதும் பெட்டியில் இருக்கிறது. சித்தியின் பிறந்தவீட்டுச் சொந்தத்தில் கல்யாணம் என்று சித்தப்பா திங்கட்கிழமை இரணியலுக்குப் போனார், அதற்கு முந்தின ராத்திரிதான் நல்ல மழை பெய்திருந்தது. உழுகிற நேசையனைக் கூப்பிட்டு நம்முடைய காளையைப் பூட்டச் சொன்னேன். உழுகிறபோது மேற்கு வரப்போரமாக ஒரு ஆட்காட்டி கத்திக்கொண்டு எழும்பியது, சுளகு அகலத்துக்கு விட்டுவிட்டு உழச் சொன்னேன். புதன்கிழமை விடியற்காலம் ஜெபம்பண்ணிவிட்டு நானே இறங்கி விதைத்தேன். சனிக்கிழமை சித்தப்பா திரும்பி வந்து வரப்பில் நின்று, தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைனி, மேலுக்கு முடியல்லன்னு சொன்னியளே என்றார். இப்பம் சொகம் கொள்ளாம் தம்பி என்றேன். வெதச்சது யாரு என்றார், நான்தான் என்றேன். வயலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கைவீச்சு மோசமில்ல என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு மூன்று வாரம் தரையில் கால் பாவவில்லை, கோவிலில் பாட்டுக்கூடச் சத்தமாகப் பாடினேன்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வந்தபோது வரப்பு வெட்ட நேசையனோடு போயிருந்தேன். நம்முடைய வடக்கு மூலை பள்ளம், எந்த வருஷமும் அங்கே தண்ணீர் நின்று நாற்று மஞ்சளாகும், இந்தத் தடவை ஒரு சொட்டு நிற்கவில்லை. பார்த்தால் வரப்போரமாக ஆழமாய் ஒரு வடிகால் ஓடுகிறது. இதை நான் சொல்லவேயில்லையே, நீயாகவா செய்தாய் என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, சின்னவருதாம் சொன்னாரு, ஒங்ககிட்ட சொல்லாண்டாம்னும் சொன்னாரு என்றான். இரணியலுக்குப் போகிறதற்கு முந்தின நாள் உன் சித்தப்பா அவன் வீட்டுக்குப் போயிருக்கிறார். மைனி முத்தத்துல வெதநெல்லு காயப்போட்டிருக்காவ, நான் இங்கின நின்னா அவிய எறங்கமாட்டாவ, நான் கல்யாணத்துக்கு முன்னக்கூட்டியே போயிருதேன், வடக்கு மூலைல ஆழமா ஒரு சால் ஓட்டி வடிகால் விட்டிரு, அண்ணன் இந்த வருசம் அப்படிச் செய்யணும்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாரு என்று சொன்னாராம். கல்யாணம் வியாழக்கிழமை மகளே, அவர் திங்கட்கிழமையே போய்விட்டார். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணனுடைய வயல்மேல் கண் உள்ளவர், அதை விட்டுவிட்டு என் பின்னாலே நடந்திருக்கிறார். நேசையன் பயந்து, எக்கா, நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிராதீய என்று அழாத குறையாக நின்றான்.

ஆகையால் நீ என்னைப்பற்றிக் கவலைப்படாதே. என்னை ஏமாற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் இங்கே இருக்கிறார். நீ அங்கே ஈரத்தில் அட்டை கடித்தால் பிய்த்து எடுக்காதே, உப்பை வை. மாப்பிள்ளைக்கு அந்த இருமல் விட்டதா, ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவருக்கு மருந்து குடிக்க மட்டும் மனம் வராது, நீதான் கொடுக்க வேண்டும். கருப்பட்டியும் சுண்டைவற்றலும் கட்டிவைத்திருக்கிறேன், தக்கலைக்காரர் யாராவது கப்பலேறினால் கொடுத்துவிடுவேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள், அப்போது நம்முடைய குளத்தில் ஊர்பேர் தெரியாத பறவையெல்லாம் வந்து இறங்கும், துரைசானி அதற்குள் சீமைக்குப் போகாமலிருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வா, நான் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லு. மேற்கு வரப்பு ஆட்காட்டிக்கு மூன்று குஞ்சு. காலையில் நான் போனால் சிறகை இழுத்துக்கொண்டு முன்னாலே நடக்கிறது, நானும் பத்து அடி பின்னாலே போய்விட்டுத்தான் வேலைக்குத் திரும்புகிறேன்.

அப்பாவைக் கடைசிவரைக்கும் காத்தவர் உங்களையும் உங்களுக்குப் பிறக்கப்போகிறதையும் காப்பாராக. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. சித்தப்பாவுக்கு நீ கடிதம் எழுதுகிறபோது வடிகாலைப்பற்றி எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தையும் எழுதிவிடாதே. அம்மா உங்களை நன்றாக ஏமாற்றிவிட்டாளாமே சித்தப்பா என்றே எழுது.

இப்படிக்கு,
வயலுக்குப் போகிற நேரமாகிவிட்ட உன் அம்மா
ஞானபாய்