கிழித்த இடப்பக்கம்

என் அருமை மேரி அக்காவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள் மேல் கொஞ்சம், நம் தலைமையாசிரியர் மேல் நிறைய, என் மேல் அதைவிட நிறைய.

நீங்கள் படுத்த படுக்கையான வாரம் கொடுத்த கணினி அறைச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வரைபட மென்பொருளில் சமன்பாட்டின் ஒரு எண்ணை மாற்றும் முன் பிள்ளைகளை மவுஸிலிருந்து கையை எடுக்கச் சொல்வீர்கள். "அலோர்? இப்ப இன்னா ஆவும்?" என்பீர்கள். அலோர் என்றால் 'அப்புறம்?'; நீங்கள் வீட்டில் பேசும் பிரெஞ்சு, கணக்கு வகுப்பிலும் நுழைந்துவிடும். ஊகம் நோட்டின் இடப்பக்கம், திரையில் நடந்தது வலப்பக்கம். ஊகம் தப்பானால் காரணத்தை அடியில் எழுத வேண்டும். அதற்குத்தான் உங்கள் பச்சைப் பேனா ஸ்டார் போடும்.

நாளை ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். போன வாரம் தலைமையாசிரியர் அந்த நோட்டுகளைப் புரட்டினார்.

"இன்னாம்மா, பக்கத்துக்குப் பக்கம் தப்பு? ஆபீசர் பாத்தா மானம் போயிடும். எல்லாத்தையும் கிழிச்சிட்டு, நீ போர்டுல ஒண்ணு எழுதிப் போடு. எல்லாரும் அதையே ஃபேரா எழுதட்டும்."

அதிகாரி பார்க்க வரும் திட்டத்தின் பெயர் கணினிவழிச் சிந்தனை, அக்கா! சிந்தித்த பக்கத்தைக் கிழிக்கணுமாம்!

நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரிங்க சார்" என்றேன். வகுப்பில் போய் நின்று "கிழிங்கடி" என்றேன். சே, நானெல்லாம் ஒரு டீச்சர்!

அரியாங்குப்பத்திலிருந்து வரும் கௌசல்யா மட்டும் கிழிக்கவில்லை. x²-க்கு முன்னால் இருக்கும் எண்ணைப் பெரிதாக்கினால் வளைவு அகலும் என்று எழுதியிருந்தாள். திரையில் அது ஒடுங்கியது. 'உயரம் சீக்கிரமா ஏறுது, அதான் ஒடுங்குது' என்று தானே கண்டுபிடித்து அடியில் எழுதியிருந்தாள். பக்கத்தில் உங்கள் பச்சை ஸ்டார்.

"மேரி மிஸ் ஸ்டார் போட்ட தப்பு மிஸ் இது. கிழிச்சிட்டா, எப்பிடிக் கண்டுபிடிச்சேன்னு எனக்கே மறந்துடும்."

நோட்டைப் பிடுங்கி நானே கிழித்தேன், அக்கா. அவள் அழவில்லை. குப்பைக்கூடையிலிருந்து தாளை எடுத்து மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

நீங்கள் இருந்திருந்தால் அந்த மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பீர்கள். என்னை மாதிரி பயந்தாங்கொள்ளியிடமா சாவியைக் கொடுப்பது? இப்படி அம்போவென்று விட்டுக் கண்ணை மூட எப்படி மனசு வந்தது?

இன்று கௌசல்யாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தாளை வாங்கி, இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டேன். நாளை அதிகாரி முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பேன். "இது தப்பாச்சே" என்பார். மவுஸிலிருந்து கையை எடுக்கச் சொல்லி, ஒரு வெற்று இடப்பக்கத்தையும் பேனாவையும் அவரிடம் நீட்டி, "அலோர்? இப்ப இன்னா ஆவும் சார்?" என்று கேட்பேன். அவர் எழுதிய பிறகுதான் மவுஸைத் தொட விடுவேன். இது சத்தியம்.

நாளைக்குப் பயப்படாத உங்கள் தங்கச்சி,
லதா