நடுக்கட்டை இறங்கிய பாட்டு

கள்ளக்குறிச்சி
4.10.87

அன்பு மகள் லிடியாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். பம்பாயில் நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், அதை உன் அம்மா நம்பிவிட்டாள், நான் இன்னும் நம்பவில்லை. இருபத்தாறு வருஷம் பத்திர ஆபீசில் உட்கார்ந்தவன், எழுதிக் கொடுத்ததையெல்லாம் நம்பினால் பிழைக்க முடியுமா. இந்தக் கடிதத்தை நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புவதும் அதனால்தான், வீட்டுக்கு வருவதை மாப்பிள்ளை முதலில் பிரிக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

பம்பாயிலிருந்து லீவில் வந்த நம் ஊர் தனசேகரனிடம் நீ கொடுத்தனுப்பிய கேசட் வந்தது. இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்த வாரம், பஸ் கிடையாது, சின்னசேலம் ஸ்டேஷனுக்குச் சைக்கிளிலேயே போய் வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழியில் ஒரு போலீஸ்காரர் பையைச் சோதித்து, இதில் யார் பேசியது என்று மிரட்டி, டீக்கடை டேப்பில் போட்டுக் கேட்டார். கோவில் அறுப்புப் பண்டிகைப் பாட்டு, என் மகள் பாடியது என்றேன். "இன்னாய்யா, பண்டிகைப் பாட்டுன்ற, சாவு வூட்ல பாடுற மாதிரி கீது. எட்த்துக்கினு போ" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோவில் ஆர்மோனியத்தில் உட்கார்ந்து, மேஜர், மைனர் என்ற சுரச் சேர்க்கைகள் பற்றி நீ முன்பு எழுதிய காகிதத்தை எதிரில் வைத்துக்கொண்டேன். ச, க, ப மூன்றையும் சேர்த்து அமுக்கினால் மேஜர், நடுவிரலை மட்டும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு இறக்கினால் மைனர். கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். மேஜரில் கீழே நான்கு கட்டை தூரம், மேலே மூன்று, மைனரில் கீழே மூன்று, மேலே நான்கு, எப்படிக் கூட்டினாலும் ஏழு. ஓரக் கற்களை விட்டுவிட்டு நடுக்கல்லை மட்டும் நகர்த்திய நிலம் எத்தனை பார்த்திருக்கிறேன், மொத்த அளவு சரியாக இருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். உன் கேசட்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்தேன், ஒவ்வொரு அடியிலும் நடுக்கட்டை இறங்கித்தான் இருக்கிறது. மைனர் என்றாலே அழுகை என்பது தெரியாதவர்கள் பேச்சு என்று எழுதியிருந்தாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து வயதிலிருந்து மேஜரில் பாடிய பாட்டை இப்போது ஏன் மாற்றினாய்? பாட்டு முடிந்து பட்டன் அமுங்கும் முன் ஒரு ஆண் குரல் "போதும்" என்கிறது. அது மாப்பிள்ளை லாரன்சின் குரல். அவருக்குச் சங்கீதம் தெரியாது என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், நீ மாற்றியது அவர் காதுக்குப் புரிந்திராது.

கலவர நேரம், யாரும் புறப்பட்டு வரவேண்டாம் என்று வேறு எழுதியிருக்கிறாய். மரத்தையெல்லாம் அப்புறப்படுத்தி மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் பஸ் ஓடுகிறதம்மா. என் சந்தேகம் தப்பாக இருந்தால் நன்றாகச் சிரித்துக்கொள், அதைவிட எனக்கு வேறு சந்தோஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் பக்கத்திலேயே இருப்பார். படித்ததும் இதைப் பள்ளிக்கூடத்திலேயே கிழித்துப் போட மறக்காதே.

வீட்டு விலாசத்துக்கு அம்மா தனியாக எழுதியிருக்கிறாள். அப்பாவுக்கு மூட்டு வலி, பம்பாய் டாக்டரிடம் காட்டப் பதினைந்தாம் தேதி தாதர் ஸ்டேஷனில் இறங்குகிறார் என்று அதில் இருக்கும். அதையும் அவள் நம்பிவிட்டாள். மூட்டில் ஒன்றுமில்லை. பெரிய டிரங்குப் பெட்டியைத்தான் கொண்டு வருகிறேன், அதில் எனக்கு இரண்டு வேட்டி, மற்ற இடமெல்லாம் உன் துணிமணிக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆசீர்வாதம்