செங்கமாரி என்று ஒரு காரணம்

கொழும்பு,
29.01.1981

என் அன்பு ஸகியாவுக்கு,

அம்மாவின் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. மாவடிப்பள்ளி வயலில் உன்னவர் மசூர் அண்ணனைப் பாம்பு கடித்ததையும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதையும் அதில் வாசித்தேன். உன் பக்கத்தில் இருக்கவேண்டிய நேரத்தில் எங்கேயோ இருக்கிறேன். நேர்முகப் பரீட்சைக்கு நம் இருவரையும் அவர்தானே கூட்டிவந்தார். இரண்டு பைகளையும் தோளில் போட்டுக்கொண்டு, "ரெண்டு வீராங்கனையும் ஒரு கூலிக்காரனும்" என்று பஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தாரே. அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை.

வகுப்புகள் தொடங்கிவிட்டன. உடற்கல்வி டிப்ளோமாப் பட்டியலில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில் உனக்காக வெறுமையாகக் கிடக்கிறது. இந்த நேரத்தில் நீ யாருக்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். பொறுப்பான விரிவுரையாளரை நானே கண்டு கதைக்கிறேன். அதை என்னிடம் விடு.

உனக்காகச் செபிக்கும்,
அன்ரனீற்றா


கல்முனைக்குடி,
15.02.1981

அன்புத் தோழி அன்ரனீற்றாவுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்கு நலம். மனதைப் பற்றி எழுத இன்னும் சொல் வரவில்லை.

நான் இத்தாவில் இருக்கிறேன். கணவர் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது எங்கள் மார்க்கக் கடமை என்று உனக்குத் தெரியும். மே மாதக் கடைசியில் முடியும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிறை மாதிரித் தெரியலாம். எனக்கு அப்படியில்லை. கால் முறிந்தால் எலும்பு பொருந்தும்வரை கட்டுப்போட்டு வைக்கிறோம் அல்லவா? இந்த அறை இப்போது எனக்கு அப்படி. பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போ, எல்லோருக்கும் முகம் காட்டு என்று யாரும் என்னை இழுக்கவில்லை. அழுவதற்கு எனக்கு நேரம் தந்திருக்கிறார்கள்.

படிப்பைப் பற்றிக் கதைத்தால் உம்மா என்ன சொல்வாவோ என்று பயந்திருந்தேன். ஒரு நாள் சோற்றுப் பீங்கானை என் முன்னால் வைத்துவிட்டுத் தானாகவே சொன்னா: "மருமகன் ஆசைப்பட்ட படிப்பு. அதயும் அவரோட சேத்தா அடக்கின? இத்தா முடியட்டும், அடுத்த பஸ்ஸில ஏத்தி உடுறன்."

அதனால் அந்த விரிவுரையாளர் சேரிடம் உள்ளதை உள்ளபடி சொல். இத்தா என்றே சொல். அவருக்கு விளங்காவிட்டால் வாப்பா பள்ளிவாசலில் ஒரு கடிதம் எடுத்துத் தருவார். பாடக் குறிப்புகளை அனுப்பு. கட்டு அவிழும்போது நான் வகுப்பில் பின்தங்கியிருக்கக் கூடாது.

உன்,
ஸகியா


கொழும்பு,
05.03.1981

அன்புள்ள ஸகியா,

சேரைக் கண்டேன். ஜூன்வரை உன் இடத்தை வைத்திருப்பார்கள். பள்ளிவாசல் கடிதம் தேவையில்லை, வாப்பாவை வீணாக அலையவிடாதே.

உடற்றொழிலியல் குறிப்பு இத்துடன் இருக்கிறது. பயிற்சி பெற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தைத் தள்ளுமாம். அதனால் ஓய்வில் ஆறுதலாகத் துடிக்கும். பயிற்சியை விட்டால் சில கிழமைகளிலேயே அது பழையபடி அவசரப்படத் தொடங்கிவிடும். கேட்டுக்கொண்டிருந்தபோது உன் நினைவுதான் வந்தது. உட்காரும் வாங்கு ஒன்றில் ஏறி இறங்கிப் பழகு. காலையில் எழும்பமுன் நாடியைப் பிடித்துப் பார்.

இங்கே ஒருத்தி என்னிடம், "உங்கட பக்கத்துப் பொம்பிளைகளும் ஓடுவாங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் நூறு மீற்றரில் அவளை முந்திவிட்டேன். ஆனாலும் அந்தச் சிரிப்பு உடம்பில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அன்புடன்,
அன்ரனீற்றா


கல்முனைக்குடி,
12.05.1981

அன்பு அன்ரனீற்றா,

நீ சொன்னபடி வாங்கில் ஏறி இறங்கினேன். முதல் நாளே உம்மா ஓடிவந்து, "மௌத்தான வீட்டுக்குள்ள என்ன புள்ள தடக்குப் புடக்கு எண்டு? ஆக்கள் என்ன நினைப்பாங்க?" என்று ஏசினா. இதயமும் ஒரு மாடு மாதிரி, உழவுக் காலம் இல்லாவிட்டாலும் நடத்தித் திரியாவிட்டால் கால் மரத்துப்போகும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப வாங்குக் காலுக்குத் துணியச் சுத்து, சத்தம் கேக்காது" என்று பழைய சாரனைக் கிழித்துத் தந்தா. அன்றிலிருந்து நாள் தவறவில்லை. நாடியும் ஆறுதலாகத்தான் துடிக்கிறது. நான் நாடி பிடிப்பதைக் கண்டால் மட்டும் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பா.

நேற்றுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் நீண்டகாலச் செங்கமாரி நோய் குணமாகிவிட்டதா என்று அறிய, இம்மாதம் பதினெட்டாம் திகதி கொழும்பில் மருத்துவக் குழுவின் முன் வரவேண்டுமாம். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகுமாம். வாப்பா அதை இரண்டு தரம் வாசித்து, என் கண் மஞ்சளித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "உனக்கு எப்ப மகள் செங்கமாரி வந்த?" என்று கேட்டார்.

மருத்துவத்துக்காக வெளியே போக மார்க்கத்தில் தடையில்லை. ஆனால் வராத நோய் குணமாகிவிட்டது என்று எந்த டொக்டர் எழுதித் தருவார்? உள்ளதைச் சொல்லி, பள்ளிவாசல் கடிதத்தோடு இன்றே பதில் அனுப்புகிறேன்.

நீ சேரிடம் என்ன சொன்னாய்?

ஸகியா


கொழும்பு,
20.05.1981

என் ஸகியா,

செங்கமாரி என்று நான்தான் சொன்னேன்.

அன்று சேரின் அறையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். வாசலில் அந்தச் சிரித்த கூட்டம் நின்றது. இத்தா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன்னை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றல்லவா நினைப்பார்கள், இப்படிப்பட்டவர்களுக்கு உடற்கல்வி எதற்கு என்றல்லவா கேட்பார்கள் என்று பயம் பிடித்துவிட்டது. அண்ணனின் மரணத்தையும் சொல்லவில்லை. சொன்னால், அதற்கு ஏன் இத்தனை மாதம் என்று அடுத்த கேள்வி வரும். நோய் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

உன் கடிதம் கிடைத்த உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். சேர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மரணம் என்று சொல்லியிருந்தால் அடுத்த தவணைக்குப் பின்போட விதியே இருக்கிறதாம், ஒரு வரி போதுமாம். இப்போது பதிவில் நோய் இருக்கிறது, உன் கடிதத்தில் இத்தா இருக்கிறது. "முதல்ல ஒண்டு, பிறகு இன்னொண்டு. கமிட்டி எத நம்பும், பிள்ளை?" என்றார். பொய் என்னுடையது, அவளுடையதல்ல என்று அழுதேன். பதிவில் அவளுடைய பெயர்தான் இருக்கிறது என்றார். நேற்று உன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் உனக்கு வயதெல்லை தாண்டிவிடும் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். என்னை ஏசி ஒரு வரியாவது எழுது.

அன்ரனீற்றா


கல்முனைக்குடி,
04.06.1981

அன்ரனீற்றாவுக்கு,

இத்தா முடிந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டேன். வலைப்பந்துப் பிள்ளைகள் பந்தைப் பிடிக்கவே மறந்துபோயிருக்கிறார்கள். முதலிலிருந்து பழக்குகிறேன்.

ஏசச் சொல்லிக் கேட்டிருந்தாய். இடம் போனதற்கு ஏச மாட்டேன். பஸ்ஸைத் தவறவிட்டவள் பஸ்ஸை ஏசி என்ன பயன்? உன் மனம் கெட்டதல்ல என்றும் தெரியும். எனக்கு விளங்காத விசயம் வேறு. அந்தப் பிள்ளைகள் சிரித்திருந்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் எங்களை அறியாதவர்கள். நீ என் கலியாணத்தில் எங்களோடு ஒரே சஹன் தட்டில் கையை வைத்துச் சாப்பிட்டவள். எங்கள் வீட்டு அடுப்படிவரை வந்து போனவள். இத்தா இருந்ததில் எனக்கு வெட்கமில்லை. உனக்கு ஏன் வந்தது?

இன்னொன்றும் இருக்கிறது. உன் பையைச் சுமந்த மனிதர் செத்துப்போனார். அவருக்காக நான் வீட்டில் இருந்தேன். சேரின் அறையில் நீ அவரைச் சாகவே விடவில்லை. அவர் இருந்த இடத்தில் ஒரு செங்கமாரியை வைத்துவிட்டாய். அதை நினைக்கும்போதெல்லாம் என் நாடி அவசரப்படுகிறது. அதற்கு உன் குறிப்பில் பயிற்சி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இனிக் குறிப்புகள் அனுப்ப வேண்டாம். உன் படிப்பை நல்லபடியாக முடி. வழியில் கண்டால் சுகம் விசாரிப்பேன். முன்போல எழுத என்னால் இயலாது.

நேற்று ஆசிரியர் அறையில், பதுளையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த பெனடிக் மாஸ்டர், ஏன் இத்தனை மாதம் லீவு என்று கேட்டார். இத்தா என்றேன். "அதெண்டா என்ன டீச்சர்?" என்றார். சொன்னேன். சொல்லி முடித்தபோது கையிலிருந்த தேத்தண்ணி இன்னும் சூடாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "உங்கட அவர் எப்படிப்பட்ட மனிசன்?" என்று கேட்டார்.

இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
ஸகியா மசூர்